இடுப்பு எலும்பு முறிந்த அம்மாவுக்காக வாங்கியவை: வாக்கர், கமோடு சேர், ஏர் பெட், பெல்ட், வீல்சேர்

அம்மாவுக்கு 71 வயது. குளியலறையிலிருந்து வெளியே வரும்போது கால் வழுக்கி இடது பக்கமாக விழுந்தார். உயரத்திலிருந்தெல்லாம் விழவில்லை, நின்ற இடத்திலேயே சரிந்ததுதான், ஆனால் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. முறிந்த பந்துப் பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்தினார்கள். மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள், அதைப் பார்த்து எனக்குத்தான் கை நடுங்கியது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் ஒரு தாளில் வாங்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார். அதில் மூன்று பொருள்தான் இருந்தது. நான் அன்று மாலையே ஏழு வாங்கிவிட்டேன், இரண்டை வாடகைக்கு எடுத்தேன். பயத்தில் இருப்பவனுக்குக் கடையில் காட்டுவதெல்லாம் அவசியமாகத்தான் தெரியும்.

இப்போது நான்கு மாதம் முடிந்துவிட்டது. எது கைகொடுத்தது, எது மூலையில் கிடந்தது, எது வேலையைக் கெடுத்தது என்று எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படும். எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இந்தப் பொருட்களில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை. அளவும், பொருத்தும் விதமும், யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதும்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

வாக்கரிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான். நாங்கள் வாங்கியது அலுமினியத்தில், மடக்கக்கூடிய, சக்கரம் இல்லாத சாதாரண வாக்கர். கடையில் ஒரு பையன் கால்களைப் பொருத்திக் கொடுத்தார், நானும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதல் மூன்று நாள் அம்மா அதைப் பிடித்து நடக்கும்போது தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிப்போயிருக்கும். "கை வலிக்குதுடா" என்பார். கால் வலியை விட்டுவிட்டுக் கை வலியைச் சொல்கிறாரே என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று பார்க்கவில்லை. நான்காம் நாள் உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, காசு அளவுக்குச் சிவந்து தோல் உரியும் நிலையில் இருந்தது.

அன்று வந்த பிசியோதெரபிஸ்ட் மேடம் அம்மாவைத் தொடுவதற்கு முன்னால் வாக்கரைத்தான் தொட்டார். தரையில் நிறுத்தி லேசாக அழுத்தினார், ஒரு மூலை டொக்கென்று ஆடியது. நான்கு கால்களில் ஒன்று மட்டும் ஒரு ஓட்டை தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தச் சின்னப் பித்தான் எந்த ஓட்டையில் நிற்கிறது என்று நான்கு காலிலும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அப்புறம் அம்மாவை வீட்டில் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொன்னார். மணிக்கட்டில் உள்பக்கம் ஒரு கோடு இருக்கிறதல்லவா, கைப்பிடி சரியாக அந்த உயரத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். இரண்டு ஓட்டை இறக்கினார், ஒவ்வொரு ஓட்டையும் ஓர் அங்குலம் இருக்கும். கிளிக் கிளிக் என்று நான்கு சத்தம், அவ்வளவுதான். அம்மா மறுபடி பிடித்தபோது தோள் தானாக இறங்கியது. மூன்று நாளாக அவர் பட்ட வேதனை இரண்டு நிமிட வேலையில் போய்விட்டது என்பதை இன்றும் என்னால் சுலபமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நடக்கிற முறையையும் அவர்தான் சரிசெய்தார். முதலில் வாக்கர், அடுத்து அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால். வாக்கரின் நான்கு காலும் தரையில் ஊன்றிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக்கூடாது, அது நம் மேலேயே சாயும். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, நின்ற பிறகு ஒவ்வொரு கையாக வாக்கருக்கு மாற்ற வேண்டும். நான் அதுவரை முன்னால் நின்று வாக்கரைப் பிடித்துக் கொண்டு "வாங்க, வாங்க" என்று பின்னால் நகர்ந்து கொண்டிருந்தேன். அது தப்பாம். அடிபட்ட பக்கத்தில், அரையடி பின்னால் நிற்க வேண்டும் என்றார். முன்னால் நின்றால் அவர் என்னைப் பார்த்து நடக்கிறார், பின்னால் நின்றால் தன் பாதையைப் பார்த்து நடக்கிறார். இந்த வித்தியாசம் இரண்டே நாளில் தெரிந்தது.

சொந்தக்காரர் ஒருவர் நான்கு சக்கரமும் சீட்டும் பிரேக்கும் உள்ள வாக்கர் வாங்கித் தருகிறேன் என்றார், பார்க்கவும் அழகாக இருந்தது. மேடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடம்பின் பாரத்தைக் கையில் போட்டு நடக்கிற நிலையில் சக்கரம் முன்னால் ஓடிவிடும். நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு, தூரம் போகும்போது களைப்புக்கு உட்காரத்தான் அது. இந்த ஒன்றை மட்டும் வாங்குவதற்கு முன்னால் கேட்டேன்.

வாக்கரோடு சேர்த்து வாங்க வேண்டியது ஒரு துணிப் பை. இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது அவரால் எதையும் எடுத்துப் போக முடியாது. கண்ணாடியைக்கூட யாராவது கொண்டுவந்து தர வேண்டும். இது எனக்கு முதலில் புரியவே இல்லை. நடக்கிறாரே, போதாதா என்று இருந்தேன். அக்காதான் பழைய துணியில் இரண்டு அறை வைத்துத் தைத்து முன்பக்கக் கம்பியில் கட்டிவிட்டார். அதில் மூக்குக் கண்ணாடி, செல்போன், மூடி இறுக்கமான சின்னத் தண்ணீர் பாட்டில். இவ்வளவுக்கு மேல் வைக்கக்கூடாது, பாரம் ஏறினால் வாக்கர் முன்னால் கவிழப் பார்க்கும். பை கட்டிய மறுநாள் சமையலறையில் அவரே பாட்டிலை நிரப்பிப் பையில் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்து குடித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் யாரையும் கேட்காமல் குடித்த முதல் தண்ணீர் அது.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு பொருளையும் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. எனக்கு எவ்வளவு வேலை மிச்சமாகிறது என்று பார்த்துத்தான் பாதிப் பொருட்களை வாங்கியிருந்தேன். அவருடைய எந்த வேலையை அது அவர் கைக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். கீழே நல்லது கெட்டது என்று நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

கமோடு சேர். நாங்கள் வாங்கியது சக்கரம் வைத்தது, கீழே வாளி மாட்டுவது. இரவில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். பொருளில் குறை இல்லை. இரண்டு சக்கரத்தில் மட்டும் பிரேக் இருந்தது, அது போதவில்லை, உட்காரும்போது ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். அதனால் சுவரோடு ஒட்டிப் போட்டோம். நான்கிலும் பிரேக் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் சக்கரமே இல்லாத, ரப்பர் புஷ் போட்ட கால் உள்ளதை வாங்குங்கள். வாளியைக் கழற்றிவிட்டு அந்த ஃபிரேமை அப்படியே டாய்லெட்டுக்கு மேலே நிறுத்திக்கொள்ளலாம், உயரமும் கிடைக்கும், பிடித்து எழக் கையும் கிடைக்கும். எங்களுடையதை அப்படிச் செய்ய முடியவில்லை, குறுக்குக் கம்பி இடித்தது. வாங்கும்போது டாய்லெட்டின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து கொண்டு போயிருக்க வேண்டும்.

ஆனால் கமோடு சேரில் உண்மையான சிக்கல் வேறு. வந்த இரண்டாம் வாரம் அம்மாவுக்கு மலச்சிக்கல் கடுமையாகிவிட்டது, சிறுநீரும் கடுமையான மஞ்சளில் போனது. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும் என்று மருத்துவமனையிலேயே சொல்லியிருந்தார்கள், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், காலையில் வைக்கிற ஒரு லிட்டர் பாட்டிலில் மாலை வரைக்கும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. கேட்டால் "தாகம் எடுக்கல" என்றார். அக்கா தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார். மகன் வாளியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை, அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அது விஷயமே இல்லை. என்னை வளர்த்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தயவுசெய்து தண்ணீர் பாட்டிலைக் கவனியுங்கள். அது குறையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கழிப்பறையில் இருக்கும்.

அதற்குத் தீர்வாக வந்ததுதான் உயரமான டாய்லெட் சீட். இருக்கிற சீட்டின் மேலே மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் சீட், சுமார் நான்கு அங்குலம் உயர்த்திக் கொடுக்கும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார், காலைக் குறுக்கே போடக்கூடாது, அடிபட்ட காலை உள்பக்கமாகத் திருப்பக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். மீறினால் பந்து, இடுப்பெலும்பில் அது உட்காரும் கிண்ணத்திலிருந்து விலகிவிடும் ஆபத்து உண்டு. எல்லா ஆபரேஷனுக்கும் இதே கட்டுப்பாடு இல்லை, எந்தப் பக்கமாகத் திறந்து செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும், உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது இருந்ததால் தாழ்வான சீட்டில் உட்காரவே கூடாது. முதலில் வாங்கியது சும்மா மேலே வைக்கிற வகை, உட்காரும்போது அரை அங்குலம் நகர்ந்தது. அரை அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம், அந்த நகர்வில் அம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது, பக்கவாட்டில் திருகி இறுக்குகிற வகை, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ளது. அதை மாட்டிய நாளிலிருந்து வாளி வேலை பகலில் நின்றுவிட்டது, ஒரு வாரத்தில் இரவிலும் நின்றுவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அவரே போய்வந்தார், நான் வெளியே நின்றேன். தண்ணீர் பாட்டில் தானாகக் காலியானது. நான் வாங்கியதிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஐந்துக்கு ஐந்து.

ஏர் பெட் வாடகைக்கு எடுத்தோம். குமிழ் குமிழாக இருக்கும் காற்று மெத்தை, கால்மாட்டில் ஒரு பம்ப் தொங்கும், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரிசைக் குமிழ் ஊதி மற்ற வரிசை இறங்கும், அதனால் உடம்பின் ஒரே இடம் தொடர்ந்து அழுந்தாது. கருத்து நல்ல கருத்து. எழுந்திருக்கவே முடியாமல் படுத்தே இருப்பவர்களுக்குக் கண்டிப்பாகத் தேவை. நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். மெத்தை குத்தும் என்று மேலே ஒரு போர்வை, அதற்கு மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் மடித்த விரிப்பு என்று போட்டு வைத்தேன். அப்படிப் போட்டால் காற்று ஏறி இறங்குவது உடம்புக்கே போய்ச் சேராது. ஒரே ஒரு விரிப்பு, அதுவும் இறுக்கிக் கட்டாமல், அவ்வளவுதான் இருக்க வேண்டும். பம்ப்பில் உள்ள திருகை ஆளின் எடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும், வைத்த பிறகு இடுப்புக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை.

இன்னொன்று, மெத்தை போட்டுவிட்டோம் என்று திருப்பிப் படுக்க வைப்பதை விட்டுவிடக் கூடாது. நான் விட்டேன். தையலைப் பார்க்க வந்த நர்ஸ் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தார். இடது குதிகாலில் ஒரு சிவப்பு வட்டம். கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தார். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்து, பிறகு மறுபடி சிவக்கும். அது வெளுக்கவே இல்லை, அப்படியே சிவப்பாக இருந்தது. படுக்கைப்புண் தொடங்குவது இப்படித்தான் என்றார். தோல் நிறம் கறுப்பாக இருந்தால் சிவப்பு சரியாகத் தெரியாது, அந்த இடம் சூடாகவோ கல் போலவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு தலையணையை ஆடுசதைக்குக் கீழே நீளவாக்கில் வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றினோம், திருப்பும்போது கால் உள்பக்கம் போகாமல் இருக்க இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. நான்கைந்து நாளில் சிவப்பு மறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய மெத்தையும் பம்ப்பும் செய்யாததை, வீட்டில் கிடந்த ஒரு தலையணை செய்தது. குழந்தைக்கு வைப்பது போல வட்டமாக நடுவில் ஓட்டை உள்ள குஷன் ஒன்றும் கடையில் கொடுத்தார்கள், அதைப் பார்த்ததும் நர்ஸ் எடுத்துப் போட்டுவிடச் சொன்னார். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போகாமல் அது இன்னும் கெடுக்குமாம்.

அம்மா தினமும் நடக்கத் தொடங்கிய பிறகு ஏர் பெட்டே தடையாகிவிட்டது. விளிம்பில் உட்கார்ந்து எழப் பார்த்தால் மெத்தை அமுங்கிச் சறுக்கியது. மூன்றாம் வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கெட்டியான சாதாரண மெத்தைக்கு மாறினோம். நடக்கக்கூடியவருக்கு இது வேண்டாம். படுத்தே இருப்பவருக்கு வேண்டும், ஆனால் வாடகைக்கு எடுங்கள்.

இடுப்பில் கட்டும் பெல்ட். இதை எந்தத் தாளிலும் யாரும் எழுதித் தரவில்லை, பிசியோ மேடம் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரியும். அகலமான கெட்டி நாடா, சுற்றிலும் கைப்பிடி, உடைக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்ட வேண்டும், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு. அதுவரை நான் அம்மாவின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கிக் கொண்டிருந்தேன். வயதானவர்களின் தோள்மூட்டை அது கெடுத்துவிடும் என்றார், என் முதுகும் அதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டது. பெல்ட் கட்டிய பிறகு தூக்குகிற வேலையே இல்லை. அவர் எழுகிறார், நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நிமிர்கிறேன், முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல். ஒன்று இரண்டு மூன்று சொல்லி எழுப்புவேன், முதலில் நான்தான் எண்ணுவேன், நான் மூன்று சொல்லும்போது அவர் பயத்தில் உடம்பை இறுக்கிக்கொள்வார். "எண்றத அவங்ககிட்ட விடுங்க" என்றார் மேடம். அன்றிலிருந்து அம்மா எண்ணினார். சில நாள் இரண்டிலேயே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். காத்திருப்பேன். ஒருமுறைகூட உடம்பை இறுக்கவில்லை.

வீல்சேரைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் வாங்கியதில் இதுதான் தரமான பொருள், நன்றாக உருண்டது, நன்றாக மடங்கியது, காரில் ஏறியது. டாக்டரிடம் மறுபரிசோதனைக்குப் போன மூன்று முறையும் இது இல்லாமல் முடிந்திருக்காது. ஆனால் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்ததுதான் தவறு. படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வாக்கரில் வர அம்மாவுக்கு ஆறேழு நிமிடம் ஆகும், வீல்சேரில் அரை நிமிடம். எனக்கு ஆபீஸ் வேலை, போன், அவசரம். "உட்காருங்கம்மா, தள்ளிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிச் சொல்லி ஒரு வாரத்தில் அவர் நடப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வந்ததால்தான் அது கண்ணில் பட்டது. அக்கா அந்தப் பக்கத்தைக் காட்டியதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று மாலையே அதை மடக்கிக் கார் டிக்கியில் வைத்துவிட்டேன். வீட்டில் இருந்தால் கை அதைத் தேடும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். துணி சீட் நாளாக ஆக நடுவில் தொய்ந்துபோகும், அப்போது இடுப்பு முழங்காலை விடத் தாழ்ந்துவிடும், கெட்டியான குஷன் ஒன்று போட்டே ஆக வேண்டும். எழுவதற்கு முன்னால் பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டுகளை மடக்கி மேலே தூக்கிவிட வேண்டும். தட்டின் மேலேயே மிதித்து எழப் பார்த்தால் நாற்காலி முன்னால் கவிழும். ஒருமுறை தட்டைத் தூக்க மறந்து அம்மாவின் முன்னங்காலில் சிராய்ப்பாகிவிட்டது. முதியவர்களின் தோல் காகிதம் போல, ஆற இரண்டு வாரம் ஆனது.

வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தரும் சேவை இரண்டு பார்த்தோம். முதலில் வந்தவர் ஒரு மெஷினைக் கொண்டுவந்து, தொடையில் ஒட்டி, இருபது நிமிடம் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக் கொண்டிருப்பார், காலை இரண்டு முறை அவரே தூக்கி இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மூன்று நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம். இரண்டாவதாக வந்தவர்தான் நான் மேலே சொன்ன மேடம். அவர் அம்மாவின் காலைத் தூக்கியதே கிடையாது. "நீங்க தூக்குங்கம்மா, நான் பாக்குறேன்" என்பார். முதல் நாள் அரை அங்குலம்கூட எழவில்லை, பரவாயில்லை, தசை இறுகுவது தெரிகிறது, அதுவே போதும் என்று அம்மாவின் கையையே தொடையில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வலி மாத்திரை போட்டு அரை மணிக்கு மேல் ஆன பிறகே பயிற்சி. படுத்திருக்கும்போதெல்லாம் பாதத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க. ஆடுசதை திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று எங்கள் இருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் புதிது. "நடக்க ஆரம்பிச்சா எங்க போகணும்னு ஆசை?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். கட்டிலிலிருந்து பால்கனிக் கதவு வரைக்கும் எத்தனை அடி என்று அவர் எண்ணி நோட்டில் எழுதினார், முப்பத்தெட்டு. அப்புறம் தினமும் அந்த எண்ணை நோக்கித்தான் எல்லாமே. படிக்கட்டு சொல்லிக் கொடுத்தபோது ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று சொல்லி, அதையும் அம்மா வாயாலேயே சொல்லிக்கொண்டே ஏற வைத்தார். வீட்டுக்கு வரும் பிசியோவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இனி ஒன்றைத்தான் பார்ப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் வியர்ப்பது யாருக்கு? நம் ஆளுக்கு வியர்த்தால் சரியான ஆள் வந்திருக்கிறார்.

இரவுக்கு ஆள் வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக வாங்கிய கம்பியில்லாத காலிங் பெல் நன்றாக வேலை செய்தது, பித்தான் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில், மணி என் அறையில். ஆனால் என் தூக்கம் கெடும் என்று அம்மா அதை அழுத்தாமல் ஒன்பதாம் நாள் இரவு தானே எழுந்து நின்றுவிட்டார், நல்லவேளை விழவில்லை. பெல் கொடுத்தால் மட்டும் போதாது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பினால் எனக்குக் கோபம் வராது என்பதை நான் பகலில் உட்கார்ந்து அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஆள் அசைந்தால் தானாக எரியும் சின்ன விளக்கு இரண்டைக் கட்டிலடியிலும் பாத்ரூம் வழியிலும் வைத்தோம், மிதியடி, வயர் எல்லாவற்றையும் வழியிலிருந்து எடுத்தோம்.

எந்தக் கடையிலும் விற்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் இரவு அம்மா என்னை யாரோ என்று நினைத்துப் பயந்தார், இறந்துபோன பாட்டியைக் கூப்பிட்டார். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உடைந்துபோனேன். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவது சாதாரணம், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டு, அவருடைய கண்ணாடி எங்கே என்று கேட்டார். என் பையில் இருந்தது, உடையக்கூடாது என்று பத்திரமாக வைத்திருந்தேன். மாட்டிவிட்டோம். பெரிய எண் உள்ள கடிகாரத்தைக் கண்ணில் படும்படி வைத்தோம், பகலில் திரையை விலக்கினோம், தெரிந்த குரல் எப்போதும் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இரண்டு நாளில் தெளிந்தார். காது மெஷின் போடுபவர்களாக இருந்தால் அதையும் முதல் வேலையாக மாட்டிவிடுங்கள்.

கைகொடுத்தவற்றில் மேலே சொன்ன அந்த நோட்டும் சேரும். மருந்து நேரம், வலி எவ்வளவு, எத்தனை அடி நடந்தார், மலம் கழித்தாரா, தண்ணீர் எவ்வளவு. டாக்டர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் "ஞாபகம் இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்ததால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதற்கான மருந்தும் தொடங்கியிருக்கிறது. இதை விட்டுவிடாதீர்கள், நடக்கத் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

கடைசியாக வாக்கரின் ரப்பர் புஷ். அடியில் வளையம் வளையமாகப் பள்ளம் இருக்கும், அது தேய்ந்து மழமழப்பானால் மாற்றிவிட வேண்டும், ஈரத் தரையில் வழுக்கும். இரண்டாம் மாத முடிவில் முதல்முறை மாற்றினேன். கழற்றிய நான்கையும் மேடம் வரிசையாக வைத்துப் பார்த்தார். வலது பக்கத்து இரண்டும் வளையமே தெரியாமல் தேய்ந்திருந்தன, இடது பக்கத்தவை கிட்டத்தட்ட புதிது. அடிபட்ட காலை நம்பாமல் அம்மா உடம்பை வலப்பக்கமே சாய்த்து நடக்கிறார் என்று அதை வைத்தே சொன்னார், பயிற்சியையும் மாற்றினார். போன வாரம் இரண்டாவது செட்டைக் கழற்றினேன். அம்மா பால்கனியில் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தார், வாக்கர் இல்லாமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான்கையும் தரையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். நான்கிலும் வளையம் ஒரே அளவில் தேய்ந்திருந்தது.